கோடு சரியவில்லை

நாரின் பக்கம், போன கோடையில்,
சாகக் கிடந்த பசுவை அறுத்துப்
பங்கு போட்டார்கள்.
ஒரு முழு மாட்டை மண்ணுக்குக் கொடுக்க
யாருக்கு வசதி இருக்கிறது?
கத்தி பிடித்த ஜுமாலியின் பெருவிரலில்
ஒரு கொப்புளம். வலியில்லை.
நான்காம் நாள் அதன் நடுவில் கரி வைத்தது.

எரிப்பது என்று பொருள்படும் பெயர் அங்கே;
நம் மாட்டு வைத்தியத்தில் அடைப்பான்.

ஜுமாலி பிழைத்துக்கொண்டான்.
மிச்சத்தைப் புதைத்த இடத்தில்
சுண்ணாம்பு, சிமெண்ட், முள்கம்பி, எச்சரிக்கைப் பலகை.
படிக்கத் தெரியாத புல்
அங்கேதான் செழிப்பாக வளர்கிறது.

கீழே வித்துகள்.
பசியில்லை, மூச்சில்லை.
எழுபது பனிக்காலம் ஒரு மதியத் தூக்கம்.
உடம்பின் வெதுவெதுப்பு,
கொஞ்சம் அலனின், கொஞ்சம் இனோசின் கிடைத்தால் போதும்,
தாளிக்கும் வாசம் எட்டிய பிள்ளைபோல்
எழுந்து உட்கார்ந்துவிடும்.

பிஷ்கெக்கில், மூன்றாம் மாடியில், பெர்மெத்
கொல்லும் மருந்தைத் தேடவில்லை.
அது இருக்கிறது; நேரத்தோடு போனால் பலிக்கும்.
மலைமேலிருந்து யார் நேரத்தோடு வருகிறார்கள்?
அவள் தேடுவது
பூட்டுக்குள் நுழைந்து
திரும்பாமல் நின்றுவிடும் ஒரு சாவி.

குழாயில் இருப்பவை வீரியம் போக்கிய வித்துகள்தான்.
விழித்தால் மினுக்கம் மங்கும்,
திரையில் கோடு சரியும்.
இருநூற்றுப் பதினாறு சேர்மங்கள்.
இருநூற்றுப் பதினைந்து முறை சரிந்தது.
சரியாத அந்த ஒன்று
ஈரல் செல்களையும் சேர்த்து உறங்கவைத்தது,
எழுந்திருக்காத உறக்கம்.
அதைக் குறித்துவைத்துவிட்டு
இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மார்ச். வெந்நீர்க் குழாய் வெடித்து
கட்டடமே விறைத்திருந்த இரவு.
இருநூற்றுப் பதினேழு.
பத்து நிமிடம், கோடு நேர்.
இருபது, நேர்.
கருவிதான் பழுதோ என்று தட்டிப் பார்த்தாள்.
பக்கத்தில், மருந்து கலக்காத குழாயின் கோடு
ஒழுங்காகச் சரிந்து கிடந்தது.
நாற்பது.

மிர்பெக் கதவைத் தள்ளிக் கேட்டான்:
‘என்ன ஆச்சு?’
‘ஒன்றும் ஆகவில்லை’ என்றாள்.
சொல்லும்போதே குரல் உடைந்தது.

இதெல்லாம் குழாய்க்குள்.
இனி ஈரல் செல், எலி, செம்மறி,
பணம் கேட்டு எழுதும் கடிதங்கள்,
வருந்துகிறோம் என்று தொடங்கும் பதில்கள்.
ஜுமாலியின் விரலில் கரி உதிர்ந்து
வெளிறிய குழி ஒன்று நிற்கிறது;
அதே கை அடுத்த மாட்டுக்குக் கத்தி தீட்டுகிறது.

அடைப்பான் என்ற பெயர்
நோயைவிட்டு மருந்துக்குப் போகும் நாள் வரலாம்.
பெர்மெத்துக்குத் தமிழ் தெரியாது.
மூடியில் வெறும் எண்ணைத்தான் எழுதினாள்.
குளிரில் மை உறைந்திருந்தது;
ஏழை மட்டும்
இன்னொரு முறை எழுதவேண்டி வந்தது.