ஆக்லாந்து – சாந்தியாகோ, வியாழக்கிழமை

ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பதினோரு மணி நேரம்.
டிக்கெட் போட்டுக் கொடுத்த பையன் சிரித்தான்:
வியாழன் மாலை ஆறுக்கு ஏறினால்
அதே வியாழன் மதியம் ஒன்றுக்கு இறங்கிவிடலாம்.
ஐந்து மணி நேரம் லாபம்.

லாபம் என்றேதான் சொன்னான்.

தே புக்கேயில் கிவிப்பழ சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.
அண்ணன் நோல்பெர்த்தோ
தால்காவில், பெரிய ஆஸ்பத்திரி, நாலாவது மாடி.
நாலு வருஷம் முன்னால்
ஒரு பழைய லாரி விற்ற காசுக்காக
இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று
அவனிடம் சொன்னவள் நான்தான்.

முன்சீட்டின் முதுகில் சின்னத் திரை.
முழுக்க நீலம். நடுவே வெள்ளையாய் ஒரு விமானம்.
அரைமணிக்கு ஒருதரம் பார்த்தேன்,
நகர்ந்ததாகவே தெரியவில்லை.
பீப்பாய்க்கு ஓக் பலகை விற்கும் ஒருவர்
இரண்டு தடவை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.
தேதிக்கோட்டைத் தாண்டியபோது
ஒரு கோப்பைகூடக் குலுங்கவில்லை.

இறங்கி போனை உயிர்ப்பித்ததும்
அண்ணி எர்மிந்தாவின் ஒற்றை வரி:
பதினொன்று பத்துக்கு.

பதினொன்று பத்து.
திரையில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் மிச்சமிருந்த நேரம்.
ஜாம் டப்பியின் மூடியை
நகத்தால் நெம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாள்
ஈமச் செலவுப் பணம் வாங்கக் காகிதங்களை
மேஜையில் பரப்பி வைத்திருந்தாள் அண்ணி.
என் பாஸ்போர்ட்டிலிருந்து நழுவியது போர்டிங் அட்டை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
வியாழன், பதினொன்று பத்து: அவர்.
வியாழன், பதினெட்டு மணி: நீ.
"போன பிறகுதான் கிளம்பியிருக்கிறாய், யாஸ்னா."
கோபமில்லை.
மளிகைக் கணக்கைச் சரிபார்க்கிற குரல்.

உப்புக் குப்பியை ஆக்லாந்து என்றேன்,
சர்க்கரைக் கிண்ணத்தை சாந்தியாகோ.
நடுவில் மேஜைவிரிப்பில் ஒரு ஒயின் கறை.
அதைச் சுற்றிப் போவதா, மேலேயே போவதா
என்று தெரியாமல்
விரல் நின்றுவிட்டது.

"நான் ஏறும்போது இங்கே விடியற்காலை இரண்டு, அண்ணி.
அப்போது அவன் இருந்தான்."

வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தாள்.
"இரண்டு மணிக்கு முழித்துத்தான் இருந்தார்.
தண்ணீர் கேட்டார்."

வேறு ஏதாவது கேட்டானா என்று
நான் கேட்கவில்லை.
அட்டையை மின்சார பில்களோடு சேர்த்து
இழுப்பறையில் போட்டாள்.

திங்கள் இரவு ஏறி
புதன் விடியுமுன் இறங்கினேன்.
இருட்டில் ஒரு துண்டு தவிர
செவ்வாய் வரவே இல்லை.

சம்பளச் சீட்டில் மட்டும்
செவ்வாய்க்கும் பிடித்திருந்தார்கள்.