மாதம் இருமுறை கூட்டுவது

நஜுமுதீன் வீட்டுக்குப் பதினோரு சாவி.
பத்து, அவர் சிங்கப்பூரிலிருந்து கேட்டால் திறக்க.
ஒன்று, கேட்காமலே திறக்க:
மாடி ஹால்.

அங்கே தேக்குப் பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
அதில் எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை.
மிளகு கொட்டினாற்போல் தரையெல்லாம் கிடக்கும்,
அள்ளினால் ஒரு முறம்,
மழைக்காலத்தில் ஒன்றரை.
வாடை மூக்கில் ஏறி
லெட்சுமாங்குடி வரைக்கும் கூடவே வரும்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து நின்றுகொள்வாள்.

முதல் தடவை ஒன்று கொண்டையை உரசிப் போனபோது கத்தினேன்.
அத்தனை பெரிய வீட்டில் என் குரல் மட்டும் இருந்தது.
இரண்டாம் தடவை, "போ" என்றேன்.
அப்புறம் ஆறு வருசம்.
தென்னந்துடைப்பம்,
வாயைச் சுற்றிச் சேலைத் தலைப்பு.

இருமல் வந்தது தாளடி நடவின்போது.
அறுப்பு முடிந்தும் போகவில்லை.
மூன்று தடவை டப்பாவில் துப்பிக் கொடுத்தேன்,
டி.பி. இல்லை என்றார்கள்,
என் புருசன் பெருமூச்சு விட்டார்,
நானும் விடப் பார்த்து இருமினேன்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண்
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
வளைவளைவாய் என் விலா எலும்பு,
கைமரம் பாவிய கூரை மாதிரி.
இடையில் அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளை.
எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் தெரியவில்லை.
"கோழி வளர்க்கிறீங்களாம்மா? புறா?"
"வவ்வால்" என்றேன்.
"வளர்க்கலை. கூட்டுறேன்."

அவள் பேனாவை மூடினாள்.
காய்ந்த எச்சத்தில் பூஞ்சை இருக்கலாம்,
துடைப்பம் பட்டால் புகையாய் எழும்பும்,
மூச்சோடு போய் நெஞ்சில் உட்காரும்;
உறுதியாய்ச் சொல்ல தஞ்சாவூரில் டெஸ்ட் எடுக்கணும்.
செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொடக்கூடாது,
பல்லோ நகமோ பட்டால் அன்றைக்கே வந்து ஊசி,
தடம் தெரியவில்லையே என்று சும்மா இருக்கக்கூடாது.
எல்லாம் சொல்லிவிட்டு
"உலரக் கூட்டாதீங்க" என்றாள். "நனைங்க."

இத்தனை நாள் இதை ஒருத்தரும் சொல்லவில்லை.
களத்தில் தூற்றுகிறவளுக்குக் காற்றின் பக்கம் தெரியும்.
அந்த ஹாலில் காற்றே கிடையாது.

வீடியோ காலில் நஜுமுதீன்: மருந்தடிச்சுக் கொன்னுடு.
பின்னாலிருந்து ரமீஜாம்மா: ஐயோ, வீடு நாறும்.
நான் டார்ச்சைத் தூக்கிக் காட்டினேன்.
மயிர் முளைக்காத குட்டிகள்,
புளியங்கொட்டை அளவு,
தாய் மார்பில் தொற்றியபடி.
கொஞ்ச நேரம் சிங்கப்பூர் பேசவில்லை.
சிக்னல் போய்விட்டதோ என்று போனை ஆட்டினேன்.

குட்டி பறக்கட்டும் என்று ஆடி வரை பொறுத்தோம்.
வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது.
ஒரு சாயங்காலம், எல்லாம் வெளியே போனபின்
முஸ்தபா ஏணி போட்டுக் கம்பிவலை அடித்தான்,
ஆணிக்கு ஒரு பிஸ்மில்லா.

விடியுமுன் அவை திரும்பி வந்தன.
வலைவரைக்கும் வந்து, மோதாமல் விலகி,
மறுபடியும் வந்து.
குறுவை வயல் பூச்சியெல்லாம் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்
தொங்க ஓர் இடமில்லாமல்.
முகமூடியைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாவம் என்று வாய்வரை வந்தது.
இருமல் முந்திக்கொண்டது.

தெளித்து, ஊறவிட்டு, வழித்து, கழுவி
மூன்று நாள் வேலை.
அடுத்த மாதம் ஜிபேயில் ஐந்நூறு குறைந்து வந்தது.
"இப்பதான் கூட்டுற வேலை இல்லையே, தவமணி."
மாத்திரை ஒரு பட்டை இருநூற்றிப் பத்து.

அவை எங்கே போயின என்று
யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும். அதே தெருவில் மூன்றாவது வீடு,
துபாய்க்காரருடையது, பூட்டி நாலு வருசம்.
நேற்று அவர் மச்சான் வந்து சாவியை நீட்டினார்,
எனக்குப் பன்னிரண்டாவது.
வாங்குமுன் கேட்டேன்:
"மாடியில் தண்ணி லைன் இருக்கா?"