பதினைந்து இலக்கம்

மழை எப்படி இருக்கும் என்று
யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் இங்கே.
அடக்காமா பாலைவனத்தில்
ஆகாயத்தைப் பார்த்து வாய் பிளந்த ஒரு தாமிரக் குழி.
குழிக்கென்று தனி அலைவரிசை,
தனிக் கோபுரங்கள் ஒன்பது,
ஒன்பதுக்கும் சேர்த்து இரவுப் பணியில்
நான் ஒருத்தி, யஸ்னா.

வாங்கிய நாளிலிருந்தே ஒரு குறை.
கைபேசி முதன்முதலாகக் கோபுரத்திடம் பேசும்போது
தன் பதினைந்து இலக்கத்தை
உறையிலிட்டு ஒட்டித் தரவேண்டும்.
உறை இருந்தது. பசை இல்லை.
அமைப்புப் பட்டியலில் அதன் பெயர் பூஜ்யத் திட்டம்.
பூஜ்யத்தைத் திட்டம் என்று எழுதியவனும்
சம்பளம் வாங்கியிருப்பான்.

கலாமா சாலையோரம் ஒரு பிக்கப் வண்டி,
தார்ப்பாய்க்குக் கீழே ஓர் ஆன்டெனா,
அவ்வளவு போதும்:
லாரி ஓட்டுபவர், வெல்டர், வெடி வைப்பவர், சமையல்காரி,
எவர் எப்போது வந்தார், எப்போது போனார்,
எவர் கைபேசி எவர் கைபேசியோடு
எப்போதும் சேர்ந்தே நகர்கிறது,
எல்லாம் காற்றில் கிடந்தது, எடுப்பார் கைக்கு.

பதினோரு இரவுகள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு சிம் கார்டுகள்.
பூட்டுவது எந்தக் கைபேசிக்கும் முடியும்,
திறக்கும் சாவி எங்கள் பெட்டியிடம் மட்டும்.
அதே ஆள், அதே எண்,
ஒவ்வொரு தடவையும் வேறு கிறுக்கல்.
பன்னிரண்டாம் இரவு
நானே ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்
ஒட்டுக் கேட்டேன்.
ஒன்றும் புரியவில்லை.
எதுவும் புரியாததற்கு அவ்வளவு மகிழ்ந்தது
என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

ஆனால் உறை வெளியாளுக்குத்தான்.
உள்ளே பெட்டி பிரித்துப் படித்துவிடும்,
படிக்காமல் எப்படி இணைப்பது?
பெட்டி கம்பெனியுடையது.
வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள்.
இங்கே பயிர் ஏது, உப்பும் கல்லும்.
மேய்வதென்றால் ஆட்களைத்தான் மேய வேண்டும்.

ஞாயிறு அதிகாலை, இரண்டாக ஐந்து நிமிடம்.
பைஜாமாவின் மேல் கோட்டு மாட்டியபடி
மேலாளர் பாராவோனா வந்தார்.
“வியாழன் விடிகாலை இரண்டு நாற்பது,
டீசல் தொட்டியருகே யார் யார்?”
சங்கம் பற்றிப் பேசினார்களாம்.
“தேடுகிறேன், நேரமாகும்” என்றேன்.

ஒன்பது நொடி ஆனது.
பதினேழு வரிகள்.
பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.
திரையை மாற்றினேன், காபி எடுக்கப் போனேன்.
காபி இயந்திரம் பழுது,
தெரிந்தும் அதன் முன்னால் நின்றேன்
நாற்பத்தாறு நிமிடம்.

எழுபத்திரண்டு மணி நேரம் கடந்த பதிவு
தானே அழியும் என்பது விதி.
நான் எழுதிய விதி.
நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது,
கீழே அவருடைய கையெழுத்து.
அவர் எதையும் படித்துக் கையெழுத்திடுபவர் அல்ல.

இரண்டு நாற்பத்தொன்று:
பதிவுகள் ஏதும் இல்லை.
“பிறகு எதற்கடி இத்தனை கோபுரம்?” என்று கத்தினார்.
ஆட்கள் பேசுவதற்கு, என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது.

பெட்டி மறந்துவிட்டது.
எனக்கு அந்த விதி பொருந்தவில்லை.
பல் துலக்கும்போது ஐந்தாம் வரி,
செருப்பு மாட்டும்போது பதினான்காம் வரி.

செவ்வாய்க்கிழமை கலாமா பேருந்தில்
பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்,
வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியில் பாதியை நீட்டினார்.
சட்டையில் இருந்த வண்டி எண்ணைப் பார்த்ததும்
புரிந்துவிட்டது: பதினொன்றாம் வரி.
எலியேசர் கோல்கே.
நாக்கின் நுனிவரை வந்த பெயரை
ரொட்டியோடு சேர்த்து மென்றேன்.

“உங்கள் பெயர்?” என்று கேட்டேன்,
வேறு என்ன கேட்பது.
ஜன்னலைப் பார்த்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார்,
அதில் கோபுரம் போட்ட முத்திரையை.
“ஃப்ளாக்கோ என்று கூப்பிடுவார்கள்.”
ஒல்லிக்குச்சி என்று அர்த்தம்.
ஆள் நூற்றுப்பத்து கிலோ இருப்பார்.

“நல்ல பெயர்” என்றேன்.