கேளாத்தா

வாளையாறுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில்
பி லைன் காட்டுக்குள் வளைகிற இடத்தில்
மணி கட்டாத ஒரு கோயில்.
கோயில் என்பதுகூடப் பெரிய சொல்:
இடுப்புயரக் கல், மேலே தகரம்.
கல்லுக்குக் காது உண்டு, இரண்டும் முறம் போல.
வாய் கிடையாது.

இந்தப் பக்கத்தில் கேளாத்தா என்போம்.
அந்தப் பக்கத்தார்க்குச் செவியம்ம.
பெயரை அவசரமாகச் சொன்னால்
கேளாத ஆத்தா என்று ஆகிவிடும்.
கோபம் வந்த பெண்கள் வேண்டுமென்றே அப்படிச் சொல்வதுண்டு.

கடல் பின்வாங்கிய காலத்தில்
மேற்கே யாரோ அழுதுகொண்டே இருந்தார்களாம்.
தூக்கம் கெட்ட தெய்வங்கள் கூடிப் பேசி
மலையை மதிலாக எழுப்பினார்கள்,
வடகோடியிலிருந்து தென்கோடி வரை, சந்து விடாமல்.
அன்றிரவு எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.
கடைக்குட்டி இவள் எழுந்து போய்
பாறையில் காதை வைத்தாள்.
வைத்த காதை எடுக்கவில்லை.
எத்தனை யுகம் என்று கணக்குச் சொல்ல ஆளில்லை.
காது பட்டுக் காது பட்டு மலை தேய்ந்து
இரண்டு காத அகலத்துக்குக் கணவாய் விழுந்தது.
அழுகை முதலில் வந்தது. அதன் பின்னால் மழை.

தெய்வங்கள் அவள் வாயை அடைத்தது அதற்குப் பிறகு.
கேட்டதை எவரிடமும் சொல்லிவிடக் கூடாதே.

அதனால் அவளிடம் குறி கேட்க முடியாது.
பூ வேண்டாள், சூடம் வேண்டாள்.
துக்கத்தைச் சொல்லிவிட்டு
இடக்காதுத் தோட்டைக் கழற்றி வைத்துப் போகவேண்டும்.
கவரிங்கும் செல்லும்.
கல்லடியில் ஒற்றைத் தோடுகள் ஒரு படி தேறும்.
என்னுடையதும் கிடக்கிறது.
எதற்கு வைத்தேன் என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

இந்த நான்கு கிலோமீட்டருக்கு நான் கீமேன்.
பெண்ணானாலும் ரிஜிஸ்தரில் கீமேன்தான்.

போன ஆடியில் இதே வளைவில்
தாயும் குட்டியும். விடிகாலை மூன்றே கால்.
யானை உள்ளங்காலால் கேட்கும் என்கிறார்கள்,
மைல் கணக்கில், மண் வழியாக.
அப்படியானால் அன்றைக்கு ஏன்?
கூட்டம் இரண்டு ராத்திரி நகராமல் நின்றது.
வண்டிகள் ஊர்ந்து போயின.
ஜன்னலில் செல்போன்கள் வெளிச்சம் அடித்தன.

வண்டி ஓட்டிய சசிதரன் ஒரு மாதம் கழித்து வந்தார்.
ஒற்றப்பாலத்துக்காரர்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன் குந்தி
"ஹோண் அடிச்சு ஞான்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்,
"ஹோண் அடிச்சு ஞான்."
வேறொன்றும் வரவில்லை.
கழற்றத் தோடில்லாத மனிதர்
எஞ்சின் சத்தத்துக்குக் காதில் அடைக்கிற பஞ்சு
இரண்டு உருண்டை, அழுக்கோடு, எடுத்துத்
தோடுகளின் மேல் வைத்தார்.
போகும்போது எனக்குத் தலையாட்டினார்.

அன்று நானும் கேளாத ஆத்தா என்று கூப்பிட்டேன்.
மூன்று முறை, சத்தமாக.
கணவாய்க் காற்று பனைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
தோடில்லாத காதைத் தண்டவாளத்தில் வைத்தேன். வழக்கம்தான்.
வண்டி வருவது ஊசி உருண்டு வருகிற மாதிரி இருக்கும்.
அது இருந்தது, தூரத்தில்.
அதற்கு அடியில் வேறொன்று:
தூக்கக் கலக்கத்தில் யாரோ
உலக்கை போடுவது போல, நின்று, நின்று.

கைவிளக்கைச் சிவப்புக்குத் திருப்பிக்கொண்டு ஓடினேன்.
நாற்பத்திரண்டு பெட்டி சிமெண்ட்
முனகி முனகி நின்றது.
பத்தொன்பது நிமிடம்.
இருட்டை இருட்டு கடந்து போனது.
கடைசியில் ஒரு சின்ன இருட்டு,
ஜல்லியில் சறுக்கி, எழுந்து, அவசரமே இல்லாமல்.

மெமோ வந்திருக்கிறது.
பாதையில் பழுதில்லாதபோது வண்டியை நிறுத்திய காரணத்தை
எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள்.
காதில் விழுந்தது என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.