ஐந்து முறை ஒரு நாய்

கெயோன் துறையில் மழை விட்ட நாற்பது நிமிடத்தில்
ஒசியேல் எடுத்தது முப்பத்தேழு படம்.
இடமிருந்து வலமாக,
ஒன்றின் விளிம்பை அடுத்தது கொஞ்சம் கடித்தபடி.
மீன் கிடங்குக்கு முன்னால் நிற்கும் சாரத்தை மறைக்க வேண்டும்:
பதினான்கு மீட்டர் அகலம், மூன்று உயரம்.
சிப்பிக்காரர் சங்கத்திடம் வினைலுக்குப் பணம் இருந்தது.
மைக்கும் இருந்தது.
மென்பொருளுக்கு இல்லை.

அதனால் என்னிடம் வந்தார்கள்.
என் மென்பொருள் எல்லாம் கட்டற்றது.
யாரோ, எந்த ஊரிலோ,
வேலை முடிந்த இரவில் உட்கார்ந்து எழுதி
எடுத்துக்கொள் என்று விட்டுப்போனது.
கணினிக்குத்தான் கட்டு: எட்டு ஜிபி நினைவகம்,
மூச்சிரைக்கும் ஒரு விசிறி.

"முந்நூறு புள்ளி வேண்டும்" என்றாள் லுத்கார்தா, சங்கச் செயலாளர்.
எங்கோ கேட்டிருக்கிறாள்.
முந்நூறு, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு.
இதைப் படகிலிருந்து பார்ப்பார்கள், செஞோரா,
அங்குலத்துக்கு எழுபத்திரண்டு போதும்,
மிச்சத்தைத் தூரம் இட்டு நிரப்பிக்கொள்ளும்.
அதற்கே அகலம் நாற்பதாயிரம் புள்ளி.
அவள் நம்பவில்லை.

மாலை ஆறுக்குத் தையலைத் தொடங்கினேன்.
படத்துக்குப் படம் ஒத்த புள்ளியைத் தேடியது நிரல்:
நங்கூர வளையம், தகரத்துத் துரு,
யாரோ சுவரில் எழுதிப் பாதியில் விட்ட பெயர்.
நினைவகம் நிறைந்து வட்டில் வழிந்தது.
வட்டும் நிறைந்தபோது
தங்கை கல்யாண வீடியோவை அழித்தேன்.
பிரதி அம்மாவிடம் இருக்கிறது.
இருக்க வேண்டும்.

விடியும்போது துறைமுகம் ஒரே துண்டாக இருந்தது.
நூறு சதவீதத்தில் விரித்து
திரை திரையாக நடந்தேன்;
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முக்கால் மணி.
அப்போதுதான் பார்த்தேன், நாயை.

சங்கத்து நாய், குராந்தோ.
ஒசியேல் காமிராவைத் திருப்பத் திருப்ப
அதுவும் கூடவே போயிருக்கிறது.
ஐஸ் பெட்டியடியில் ஒன்று.
கயிற்றுச் சுருளை முகர்ந்தபடி ஒன்று.
கடலைப் பார்த்து, கவலை உள்ளதுபோல் ஒன்று.
வலக்கோடியில் படுத்தே விட்டது ஒன்று.
நடுவில், பன்னிரண்டும் பதின்மூன்றும் சேருமிடத்தில்
பின்னங்கால் இரண்டு, வால்;
தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாளி.

தொலைபேசியில் கேட்டேன்:
நாலை அழித்து ஒன்றை வைக்கிறேன், எதை வைக்கட்டும்?
"எதற்கு அழிக்க வேண்டும்?
எந்தப் படகு கரை சேர்ந்தாலும் அங்கே நிற்கும் அது.
எங்களுக்கு நாய் ஒன்றுதான்,
தீனி ஐந்துக்கு."
தலையில்லாதது?
மறுமுனையில் கெட்டில் கொதிக்கிற சத்தம்.
"அதற்குத் தலை கொடு."

பன்னிரண்டாம் படத்தில் தலை இருந்தது.
நிரல்தான் வாளியைத் தேர்ந்திருந்தது.
முகமூடி அடுக்கில் வெள்ளைத் தூரிகையால் தடவத் தடவ
வாளி கரைந்து
காது, மூக்கு, நீட்டிய நாக்கு.
கடவுளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று
ஒரு நொடி நினைத்தேன். நிரல் உறைந்தது.
சேமித்திருக்கவில்லை.
மறுபடி தடவினேன்.

மைக்கு எட்டாத நிறத்தையெல்லாம்
சாம்பலாகக் காட்டும் ஒரு வசதி உண்டு.
அழுத்தியதும் படகுகள் செத்தன.
அந்த ஆரஞ்சு திரையில் மட்டுமே உயிர் வாழும்;
நாலு மையும் கூடி முயன்றாலும் செங்கல்தான் கிடைக்கும்.
சாம்பல் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.
படகுக்காரன் யாராவது கேட்டால்
மேகமூட்டம் என்பேன்.
இந்தத் தீவில் யாரும் மறுக்க முடியாது.

ஒன்பது பட்டை, ஒவ்வொன்றும் ஒன்று அறுபது,
ஒட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
ஒரு மயிரிழை விலகியிருக்கிறது.
எங்கே என்று சொல்ல மாட்டேன்.

கட்டிய அன்று பள்ளிப் பிள்ளைகள் நாயை எண்ணினார்கள்.
ஐந்து, ஐந்து என்று கத்தினார்கள்.
ஆறு என்றான் ஒரு பொடியன்.
ஆறாவது, ஏழாம் பட்டையின் கீழே
காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.
லுத்கார்தா என்னைப் பார்த்தாள்.
வினைல்தானே, என்றேன்.
மழை பார்த்துக்கொள்ளும்.