ஒரு மணி நேரம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மணி மூன்று பத்து.
ஜூன் மாதம்; இருட்டவே இல்லை.
சன்னலில் ஆணியடித்த போர்வையின் ஓரத்தில்
சாம்பல் வெளிச்சம் கசிகிறது.

ஐந்தே முக்காலுக்கு
முதல் பேருந்தை எடுக்க வேண்டியவள் சுன்வா.
எப்போதாவதுதான் இப்படி.
சில்லறைக்காக ஒரு கிழவர்மேல் சுள்ளென்று விழுந்தது,
தங்கைக்கு அனுப்பாத பதில்,
பல் மருத்துவரின் பில்.
எல்லாம் ஏறுகின்றன,
ஒன்றும் இறங்குவதாயில்லை.

முழங்காலில் நிற்கவில்லை.
காலுறையைத் தேடி மாட்டிக்கொண்டு
பால் காய்ச்சுகிறாள்.

ஆண்டவரே,
தூக்க விஷயத்தில் உமக்கும் எங்களுக்கும்
ஒத்தே வந்ததில்லை.
படகு மூழ்கப் போன புயலில்
பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினீர்;
அவர்களுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.
ஒலிவ மரங்களுக்குள் நீர் தவித்த இரவில்
ஒரு மணி நேரம் விழித்திருங்கள் என்றீர்;
குறட்டை விட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம்
இன்றைக்கு என்னிடம் இருக்கிறது.
பேச ஒன்றுமில்லை.
சும்மா கூட உட்கார்ந்திருக்கட்டுமா?

எதிர் நாற்காலியை இழுத்து வைக்கிறாள்.
பாலில் ஆடை படிகிறது.

அலாரம் அடித்தபோது
கன்னத்தில் மேசைவிரிப்பின் பின்னல்
அச்சாகப் பதிந்திருந்தது.

மன்னியும், என்றாள்
சீருடைப் பொத்தானைப் போட்டபடி,
நானும் அவர்கள் கட்சிதான்.