மடங்கும் கம்பம்

கரண்ட் பில்லின் முதுகில்தான் வரைந்தேன்.
படகு அவரைக்காய் மாதிரி வந்தது,
கம்பம் அதன் காம்பு.
எபனேசர் எட்டிப் பார்த்தான்:
"இன்னாண்ணே, காய்கறிக் கடையா?"

போன கார்த்திகையில் எஞ்சின் படுத்த ராத்திரி
போனில் ஒரு கோடும் இல்லை.
விடியும் வரை சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தோம்,
இருட்டில் சட்டையை யார் பார்ப்பார்கள்.
அதனால்தான் இந்த வயர்லெஸ்,
பழசு, பாதி விலை, தவணையில்.

படகுக்கும் பதினேழு வயது.
விரல் மடக்கித் தட்டினால்
அணியத்தில் டங்,
அமரத்தில் டொப்.
டொப் என்கிற இடத்தில்
ஃபைபருக்குள் பலகை ஊறியிருக்கிறது.
அங்கே டிரில் வைப்பது
கடலுக்கு நாமே கதவு வைப்பது.
ஓட்டை கிடையாது என்று முடிவானது.
கைப்பிடிக் குழாயைக் கவ்வித்தான் நிற்க வேண்டும்.

முதல் மாதிரி கரும்பு.
பொங்கல் முடிந்து ஒன்று மிச்சம் இருந்தது,
லாரி டியூப் கிழித்துக் கட்டிவிட்டுப் போனேன்.
காலையில் வந்தால் பாதிதான் நிற்கிறது.
எபனேசர் வாயில் சக்கை.

"எவ்ளோ உயரமோ அவ்ளோ தூரம் பேசும்"
என்று விற்றவன் சொன்னான்.
உயரம் ஏற ஏற அலையில் வரும் இழுப்பை
அவன் சொல்லவில்லை.
துடைப்பத்தை அடியில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்,
மணிக்கட்டு சொன்னது:
ஆறடி. அதற்கு மேல் பேராசை.

மூலக்கொத்தளம் காயலான் கடைக்குப்
பாக்கெட்டில் காந்தத்தோடு போனேன்.
ஒட்டினால் இரும்பு, உப்பு தின்றுவிடும்.
ஒட்டாமல் வழுக்கியது ஒன்றே ஒன்று,
ஏதோ ஆஸ்பத்திரியின் குளுக்கோஸ் ஸ்டாண்டு.
எத்தனை பேருக்குச் சொட்டியதோ,
எடைக்குத்தான் காசு.
உச்சியில் இரண்டு கொக்கி;
ஒன்றை அறுத்தேன்,
மற்றதில் டார்ச் தொங்கும்.

வலை இழுக்கும்போது கம்பம் படுக்க வேண்டும்.
துறைமுகத்தில் பக்கத்துப் படகின் கயிறு உரசாமலும்
படுக்க வேண்டும்.
அதற்குத்தான் சைக்கிள் சீட்டை இறுக்கும் அந்தக் கைப்பிடி,
மடக்கினால் கல், விரித்தால் தளர்ச்சி.
எந்தச் சைக்கிள் என்று கேட்காதீர்கள்.
ஜெனோவா இரண்டு நாளாய் என்னோடு பேசவில்லை,
பள்ளிக்கு நின்றுகொண்டே மிதிக்கிறாள்.

மூன்று மணிக்கு அலைத்தடுப்பைத் தாண்டிக்
கம்பத்தை நிமிர்த்தினேன்.
கைப்பிடியை அழுத்தினேன்.
மழையில் தகரம் மாதிரி ஒரு இரைச்சல்,
கொஞ்ச நேரம் அதுவேதான்.
பிறகு நடுவில் ஒரு மனிதன்:
"தீப்பெட்டி நனைஞ்சிபோச்சுப்பா,
யாராண்டையாவது கீதா?"

"கீது" என்றேன்.
எழுதி வைத்திருந்த முறையான வார்த்தை எதுவும்
வாயில் வரவில்லை.
அவன் விளக்கு எங்களுக்குத் தெரியவில்லை,
எங்கள் விளக்கு அவனுக்கும்.
எண்ணூர்ப் புகைக்கூண்டின் சிவப்புப் புள்ளியை
இருவரும் இடது தோளில் வைத்துக்கொண்டு
பேசிப் பேசிக் கிட்டே வந்தோம்.
ஒரு தீப்பெட்டிக்கு
இரண்டு லிட்டர் டீசல்.
எபனேசர் கரை வரை திட்டினான்.
அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான்.

கம்பம் ஆடவில்லை.
கீழ்ப்பிடியில் ஒரு நட்டு மட்டும்
இருட்டில் கைக்கு வந்ததைப் போட்டது.
காந்தம் இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது.
வைத்துப் பார்க்கவில்லை.